ஐவி வீட்டின் பின்சுவர்

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடப் பெரிய வார்த்தை. பாதிதான் கிடைத்தது; மீதிப் பாதியோடு ஒரு மனிதர் வட்டவளையில் இறங்கிப் போய்விட்டார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு, ஏப்ரல் கடைசி. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கண்டியில் ஒரு பத்திரிகை ஆசிரியர் எனக்காகக் காத்திருந்தார். "சொந்தக் கையால வீடு கட்டி, அரசாங்கத்துத் தண்ணி, கரண்ட் எதுவுமே இல்லாம வாழுறவங்களப் பத்தி ஒரு கதை கொண்டு வாங்க. வெளிநாட்டுல இப்ப இதுதான் பேச்சு" என்று அவர் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. கேட்டபோதே எனக்கு எரிச்சல். எங்கள் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்துக்குக் கரண்ட் இருக்கிறது? பொல்பிட்டிய மின் நிலையத்துப் பக்கமிருந்து வரும் பெரிய கம்பிகள் எங்கள் தலைக்கு மேலாலேயே போகின்றன. ஒரு பல்பு எரியுமளவுக்குக்கூட அவை கீழே இறங்கியதில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக நாங்கள் இப்படித்தான் வாழ்கிறோம். இது ஒரு சாதனை என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

றொசல்ல தாண்டியதும் தண்டவாளத்துக்கு மேலே, சரிவில், தனியாக ஒரு மண் வீடு தெரிந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பின்சுவரில் ஜன்னல் இல்லை, ஒரு துவாரம்கூட இல்லை. அந்தப் பக்கத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கிறது. எந்த மடையன் இந்தப் பக்கத்தை மூடிக் கட்டுவான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எதிரே மரக்கறி மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். ஆண்டியப்பன் என்று பேர் சொன்னார். "அதுங்களா? நம்ம மத்தியாஸ் கட்டுன வூடுங்க. அவரு கையாலயே கட்டுனாரு. பொஞ்சாதி ஐவிக்கு மூச்சு இழுப்பு, லயத்துப் பொக ஒத்துக்கல. அதுக்காகத்தான் கட்டுனதே. ஆனா அந்தப் பின்செவத்துக் கூத்தக் கேட்டீங்கன்னா..."

கூத்தைப் பாதி சொல்லி முடிப்பதற்குள் வட்டவளை வந்துவிட்டது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். ஆகவே இதில் முன்பாதி அவருடையது, பின்பாதி என்னுடையது. எது எங்கே முடிகிறது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்:

பனி மூடிய மலைகளின் மடியில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல—

(நிறுத்து. மலையகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே மைக்கு முன்னால் பேனாவிலிருந்து பனி கொட்டுகிறது. அந்தக் கம்பளத்தை யார் மிதித்துக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்கள் என்று எழுதுவதற்குள் பக்கம் தீர்ந்துவிடும்.)

இரண்டாவது தொடக்கம்:

மத்தியாஸ் ஒரு லட்சியவாதி. அவனுடைய—

(இதையும் அடித்துவிட்டேன். லட்சியவாதியோடு குடும்பம் நடத்துகிறவளிடம் போய் இந்த வாக்கியத்தை வாசித்துக் காட்ட எனக்குத் தைரியமில்லை.)

மூன்றாவது தொடக்கம் அவளிடமிருந்து. இதையாவது முடிப்பேன்.

ஐவி அடுப்பை ஊதினாள். ஊதியதும் இருமல் வந்தது. இருமல் முடிந்ததும் நெஞ்சுக்குள் விசில் ஊதத் தொடங்கியது. அவர்கள் இருந்தது இரட்டை லயம். முன்பக்கம் ஒரு வரிசைக் காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, பின்பக்கம் ஒரு வரிசைக் காம்பரா, நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். ஐவியின் காம்பராவுக்கு முதுகொட்டி அந்தப் பக்கம் இருந்தவள் நாகலெட்சுமி. ஆகவே எல்லாருடைய காம்பராவுக்கும் முன்னால் மட்டும்தான் ஒரு கதவும் ஒரு சின்ன ஜன்னலும். புகை வெளியே போக வேண்டுமானாலும் மனிதர்கள் மாதிரி முன்வாசலால்தான் போக வேண்டும். அதுவும் காற்று அனுமதித்தால்.

ஒரு மழைக்காலத்தில் அவளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போகும்படி ஆயிற்று. தோட்டத்து டொக்டரய்யா மத்தியாஸைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் மருந்து குடுக்கலாம். ஆனா இந்தப் பொகையிலயே இன்னொரு மழைக்காலம் இருந்தாங்கன்னா நெஞ்சு தாங்காது" என்றார். தனியாகச் சொன்னாரே தவிர, இடையில் இருந்தது ஒரு சாக்குத் திரைதான். ஐவிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

3

இப்போது மத்தியாஸ். இந்த ஆளோடுதான் எனக்குத் தகராறு. நல்லவனாக எழுதினால் நம்ப முடியவில்லை. மடையனாக எழுதினால் ஐவி என்னை முறைக்கிறாள். தோட்டத்துத் தொழிற்சாலையின் என்ஜின் அறையில் வேலை. எந்த மெஷின் எந்தச் சத்தம் போட்டால் எங்கே நோவு என்று தெரிந்தவன். பெண்சாதி மூச்சு போடுகிற சத்தத்தையும் அப்படித்தான் தலையைச் சாய்த்துக் கேட்பான்.

டொக்டரய்யா சொன்ன அந்தக் கிழமைக்குள்ளேயே காணி தேடத் தொடங்கினான். பதிவுப் பிரஜை என்ற, எங்களில் பலருக்குக் கிடைக்காத குடியுரிமைக் கடதாசி அவனிடம் இருந்ததால் காணியைத் தன் பேரில் எழுத முடிந்தது. தோட்ட எல்லைக்கு வெளியே, ஓடைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, யாருக்கும் வேண்டாத ஒரு கற்சரிவு. பக்கத்துக் கிராமத்துக் குசுமாவதியின் குடும்பத்திடமிருந்து வாங்கினான்.

வாங்கிய அன்றே ஐவியிடம் சட்டம் சொன்னான்: "நம்ம வூட்டுக்கு எவன்கிட்டயும் எதுவும் கேக்கப்படாது. தண்ணி, லைட்டு, வெறகு, ஒண்ணுமே. எல்லாம் நம்ம கையால."

அவன் கோபம் ஐவிக்கு விளங்கியது. லயத்தில் ஒரு கூரைத் தகரம் ஓட்டையானால் கங்காணியிடம் கேட்க வேண்டும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் கேட்பார், கணக்கப்பிள்ளை துரையிடம் கேட்பார், துரை லீவில் போயிருப்பார். அதற்குள் மழை உள்ளே வந்து குடியேறியிருக்கும். பத்திரிகை ஆசிரியர் இதற்குத் தற்சார்பு என்று பேர் வைப்பார். மத்தியாஸ் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன், அவ்வளவுதான்.

"என்கிட்டயாச்சும் ஏதாவது கேப்பீங்களா?" என்றாள் ஐவி.

அவன் காதில் விழவில்லை. விழுந்ததாகவும் வைத்துக்கொள்ளலாம், வித்தியாசம் ஒன்றும் வந்திருக்காது.

சரிவை வெட்டிய மண்ணையே சலித்து, லேசாக நனைத்து, பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளுக்கு நடுவே கொட்டி உலக்கையால் இடித்து இடித்துச் சுவர் எழுப்பினான். கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்து ஐவி மண் சுமந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு சேலையை மாற்றிக்கொண்டு மண் சுமந்தாள். இருமலோடு சுமந்தாள். கழித்துப்போட்ட லொறியொன்றின் டைனமோவை ஓடையில் ஒரு தகரச் சக்கரத்தோடு பூட்டி லைட் எரிய வைத்தான். மழை பெய்தால் பல்பு வெடித்துவிடும். பெய்யாவிட்டால் பல்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க விளக்கு ஏற்ற வேண்டும். ஊற்றிலிருந்து குழாய் போட்டு, வீட்டின் வலதுபக்கச் சுவரோடு ஒட்டி ஒரு கல் தொட்டி கட்டினான். தண்ணீரோடு தவளையும் வந்தது. அதையும் அவன் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

தொழிற்சாலை கழித்த ஒரு குழாயைப் புகைபோக்கியாக வைத்து அடுப்புக் கட்டினான். தை மாதத்தில் பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். லயத்துச் சனம் முழுவதும் வந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், சுற்றிச் சுற்றி வந்தார்கள், வாயைப் பிளந்தார்கள். நாகலெட்சுமி அழுதேவிட்டாள். பின்சுவரைப் பற்றி ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஐவி அதில் திரு இருதய ஆண்டவர் படத்தை மாட்டியிருந்தாள். லயத்திலும் அது பின்சுவரில்தான் மாட்டியிருந்தது.

4

வீட்டுக்குள் புகை நின்றது.

(இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது. கதையே இதுதான்.)

முன்வாசலால் காற்று அடித்து உள்ளே வந்தது. புகைபோக்கியையும் முன்பக்கமாகவே வைத்திருந்தான். வெளியே போன புகையையும் காற்று கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியது. வந்த காற்றுக்குப் போக வழியில்லை. மத்தியாஸ் அடுப்பை உடைத்து மறுபடி கட்டினான். விறகு ஈரம் என்றான். குழாய் கட்டை என்று ஒரு முழம் உயர்த்தினான். அடுப்பின் வாய் அகலம் என்று மறுபடி உடைத்தான். அவன் உடைக்கிற ஒவ்வொரு தடவையும் ஐவி மூன்று கல்லைக் கூட்டி வைத்துச் சமைத்தாள், அதில் இன்னும் மோசமாகப் புகைந்தது. இவ்வளவு பாடுபட்டு மண் சுமந்து, லயத்துப் புகையைக் கூடவே அழைத்துக்கொண்டு வந்தோமா என்று அவளுக்கு அழுகையாக வந்தது. அழுதாலும் மூச்சு முட்டியது, அதனால் அழவில்லை.

ஒரு நாள் குசுமாவதி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். "பிட்டிபஸ்ஸே ஜனேலயக் நெத்த?" என்றாள் சிங்களத்தில். பின்னால் ஒரு ஜன்னல் இல்லையா என்று கேட்கிறாள்.

ஐவி திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். படம் இருந்தது. படத்தைச் சுற்றிச் சுவர் இருந்தது. இந்தச் சுவருக்கு அவளே மண் சுமந்திருக்கிறாள். அதற்கு அந்தப் பக்கமாக நின்று அவளே பூசி மெழுகியிருக்கிறாள். அங்கே பள்ளத்தாக்கு இருக்கிறது, ரயில் போகிறது. ஒரு தடவையாவது அவளுக்குத் தோன்றவில்லை.

மத்தியாஸ் மத்தியானச் சோற்றுக்கு வந்ததும் கேட்டாள்.

"என்னாங்க, அந்தச் செவத்துல ஏன் ஜன்னல் வைக்கல?"

"எந்தச் செவத்துல?"

"பின்செவத்துல."

"பின்செவத்துல எவனாச்சும் ஜன்னல் வைப்பானா? அங்கிட்டு நாகலெச்சுமி அக்கா..."

நிறுத்தினான். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

ஐவிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்கிப் பார்க்கையில் அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போயிருந்தான். ஐயோ, சிரித்திருக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது என்றும் நினைத்தாள்.

* தயவுசெய்து இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். இதை வாசித்துக் காட்டியபோது ஒரு நண்பர், "மூடிய சுவர் நம் இனத்தின் குறியீடு" என்றார். இன்னொருவர், "எழுபத்தேழு இனக்கலவரத்தில் லயங்களுக்குக் கல் விழுந்ததே, அந்தப் பயத்தில்தான் மூடிக் கட்டியிருக்கிறான். அப்படி எழுது, கதைக்குக் கனம் வரும்" என்றார். கனம் வரும்தான். ஆனால் மத்தியாஸ் பயந்து மூடவில்லை, மறந்துவிட்டான். பிறந்ததிலிருந்து பின்சுவருக்கு அப்பால் இன்னொருத்தர் வீடு இருந்து பழகியவன், மலைச்சரிவில் தனி வீடு கட்டும்போதும் அதே பழக்கத்தில் கட்டிவிட்டான். ஒரு மனிதன் மறந்துவிட்டான் என்று சொன்னால் ஏன் யாருமே நம்பமாட்டேனென்கிறீர்கள்?

* பக்கச் சுவரில் ஜன்னல் போடலாமே என்று கேட்கும் கெட்டிக்கார வாசகருக்கு: இடதுபக்கம் கூரை உயரத்துக்கு மலை. வலதுபக்கம் தண்ணீர்த் தொட்டி. நானும் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

5

அன்றிலிருந்து தினமும் சண்டை.

"ஒரு ஓட்ட போடுங்க."

"இடிச்ச செவரு, ஐவி. கட்டுறப்பவே மேல பலக குடுத்து வுட்டிருக்கணும். இப்ப நடுவுல தோண்டுனா மேல நிக்கிற மண்ணு பூரா வுழுந்துரும். கூரயும் வரும்."

"முட்டுக் குடுத்துத் தோண்டுங்க."

"மழ முடியட்டும். மண்ணு காயட்டும். அப்பறம் பாப்போம்."

"மழ முடியிற வரைக்கும் நான் மூச்சு வுடாம இருக்கவா?"

இதைக் கேட்டதும் அவன் டைனமோவைப் பழுது பார்க்கப் போய்விடுவான். சுவர் விழும் என்பது உண்மைதான், ஐவிக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு வெட்கம் என்பதும் உண்மை. அந்தச் சுவர்ப் பக்கம் அவன் பார்ப்பதே இல்லை. யாரிடமும் எதுவும் கேட்காமல் கட்டியவனுக்கு, யாரிடமாவது கேட்டிருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது என்பதுதான் பெரிய வயிற்றெரிச்சல். கேட்டிருக்கக்கூடிய எல்லாரும் லயத்துக்காரர்கள். நானே அப்போது பக்கத்தில் நின்றிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. நானும் லயத்தில் பிறந்தவன்தான், ரயிலில் இருந்து பார்த்ததால் கண்ணில் பட்டது.

ஆண்டியப்பன் வட்டவளையில் இறங்கியது இந்தச் சண்டைக்கு நடுவில். இனி முழுக்க என் பாடு.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

மே மாத மழையில் ஐவி செத்துப்போகிறாள். (எழுதுவதற்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. எங்கள் பெண்களைக் கதைகளில் கொன்று கொன்று எனக்கு வெறுத்துவிட்டது. முடியாது.)

மத்தியாஸ் மனம் மாறி ஜன்னல் வைக்கிறான். புகை போகிறது, வெளிச்சம் வருகிறது, இருவரும் கைகோத்து நின்று பள்ளத்தாக்கைப் பார்— (புருஷனும் பெண்சாதியும் கைகோத்து நின்று பள்ளத்தாக்கைப் பார்த்ததை நான் எந்தத் தோட்டத்திலும் கண்டதில்லை. பார்ப்பதற்கு நேரமும் இருந்ததில்லை.)

இருவரும் லயத்துக்கே திரும்பிப் போகிறார்கள். (அந்தக் காம்பராவைப் புதிதாகக் கல்யாணமான சோடிக்குக் கொடுத்தாயிற்று. அதோடு அங்கேயும் இதே புகைதான்.)

மறுபடி ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து உள்ளதை எழுதுங்களேன் என்பீர்கள். போனேன். ஜூனில் இரண்டு தரம் போனேன். றொசல்லவில் ரயிலின் அடுத்த பெட்டிகூடத் தெரியாத அளவுக்குப் பனி. எந்தப் பனியை முதல் வரியிலேயே அடித்தேனோ அது என் முகத்தில் அடித்தது.

ஆகவே நான் பார்க்காததை எழுதுகிறேன்.

6

மூன்று நாளாக மழை விடவில்லை. ஐவி அன்று வேலைக்குப் போகவில்லை, போக முடியவில்லை. மத்தியானம் அவன் சோற்றுக்கு வருவானே என்று உலை வைத்தாள். ஈர விறகு. காற்று முன்வாசலில் மழையைத் தூக்கி அடித்தது, கதவைச் சாத்தினாள். புகை எழுந்து கூரையைத் தொட்டு, இறங்கி, அவள் முகத்தளவுக்கு வந்து நின்றது.

அவள் படத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். மூலையிலிருந்த அலவாங்கை எடுத்தாள். சரிவை வெட்ட அவன் வாங்கிய கனத்த இரும்புக் கடப்பாரை. இரண்டு கையாலும் பிடித்துப் பின்சுவரில் குத்தினாள்.

ஒரு குத்து. மூச்சுக்காக நின்றாள். இன்னொரு குத்து. இறுகிய மண், எலும்பு மாதிரி இருந்தது. இவ்வளவு நன்றாக இடித்துத் தொலைத்திருக்கிறானே என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் இன்னும் நாலைந்து குத்து விழுந்தது. குழி முழங்கை ஆழத்துக்குப் போனபோது, அதற்கு மேலிருந்து கூரைவரை ஒரு வெடிப்பு ஓடியது.

அப்போது மத்தியாஸ் வந்தான். கதவைத் தள்ளித் திறந்தான். கட்டிலில் மண், தரையில் மண், புகைக்குள் ஐவி. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் வெடிப்பைப் பார்த்தான்.

(இந்த இடத்தில் அவன் கத்துவதாக ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். நல்ல வசனம்தான். கிழித்துப் போட்டுவிட்டேன். அவன் கத்தவில்லை.)

அவன் வெளியே ஓடினான். போய்விட்டான் என்று ஐவி நினைத்தாள். வழக்கம்போல டைனமோவிடம் போய்விட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு அலவாங்கை மறுபடி தூக்கினாள்.

"ஐவி."

குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது.

"என்னாக்கா?" என்றாள் அவள், லயத்துச் சுவர்ப் பழக்கதோஷத்தில்.

"அக்கா இல்ல, நான்தான். பெட்டிப் பலகையக் குடுத்துத் தோளால முட்டுக் குடுத்திருக்கேன். கீழ்ப் பக்கமா பாத்துக் குத்து. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, சத்தத்துல தெரியுது."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இடம் என்று அவளுக்குத் தெரியும். அதற்குக் கீழே சரிவு, சரிவுக்குக் கீழே தண்டவாளம்.

"அங்க நிக்காதீங்க. செவரு உங்க மேலதான் வுழும்."

"நான் தள்ளி நின்னாத்தான் வுழும். நீ குத்து."

"மாட்டேன். நீங்க மொதல்ல இங்கிட்டு வாங்க."

"கோவத்துலயாச்சும் குத்து, ஐவி. மடையன் கட்டுன செவருதானே."

"மடையன்தான்" என்றாள் அவள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. அவனுக்கும் இவள் விசில் கேட்டிருக்கும். அவனுக்கு அது எப்போதும் கேட்கும். இந்த மனிதன்மேல் அவளுக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. அவன்மேல் சுவர் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு மூச்சு விட்டு என்ன செய்வது என்றும் அவளுக்குத் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"குத்து" என்றான் அவன்.

அவள் அலவாங்கைத் தூக்கினாள்.

இங்கே நிறுத்துகிறேன். இந்த ஒரு குத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. குத்தினால் சுவர் நிற்கலாம், அவன்மேல் விழலாம். குத்தாவிட்டால் அவள் கதி என்ன என்று டொக்டரய்யா சாக்குத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டார். அவன் தோளை எடுக்கமாட்டான், அவள் கதவுப் பக்கம் போகமாட்டாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத பிறவிகள். பத்திரிகை ஆசிரியர் முடிவு வேண்டும் என்கிறார். நம்பிக்கையூட்டும் முடிவாக இருந்தால் நல்லதாம், வீடு கட்டுகிறவர்களுக்கு உற்சாகமாக இருக்குமாம். அவரே வந்து முட்டுக் கொடுக்கட்டும்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். சுவரை நிறுத்துவீர்களோ விழுத்துவீர்களோ, உங்கள் இஷ்டம். நிதானமாக, பக்கத்தை மூடி வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு யோசிப்பீர்கள். வாசகர்கள் அப்படித்தான். ஆனால் உலை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கும் அந்த நினைவு இல்லை, அவனுக்கும் இல்லை, இவ்வளவு எழுதிய எனக்கும் இப்போதுதான் வருகிறது. முடிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் யாராவது போய் அந்த அடுப்பை அணையுங்கள்.